சமுதாயக் கல்லூரி கோல்ஃப் அணியில் சேர்ந்தால் இரண்டு வருடம் வீணா?

மகனுக்குப் பெரிய பல்கலைக்கழக அணி எதிலும் இடம் கிடைக்கவில்லை, ஒரு சமுதாயக் கல்லூரி (அமெரிக்காவின் இரண்டு வருடக் கல்லூரி) அணி கூப்பிடுகிறது, அங்கே கோச் பெரிதாக என்ன செய்துவிடப் போகிறார் என்று கேட்டிருக்கிறீர்கள்.

வீணே இல்லை. மேற்கு டெக்சாஸில் ஒரு சமுதாயக் கல்லூரியில் சில வருடங்கள் கணிதம் நடத்தினேன். கோல்ஃப் அணிப் பையன்கள் பலர் என் வகுப்பில் படித்தார்கள். அவர்களுடைய கோச்சை மைதானத்தில் பார்த்ததைவிட என் அறை வாசலில் பார்த்ததுதான் அதிகம்.

சனி, ஞாயிறுகளில் கோல்ஃப் மைதானங்களில் உறுப்பினர் கூட்டம் நிறைந்திருக்கும். அதனால் கல்லூரிப் போட்டிகளைப் பெரும்பாலும் திங்கள், செவ்வாயில் வைக்கிறார்கள். பல போட்டிகளில் முதல் நாளே 36 ஹோல் (பந்தைப் போட வேண்டிய குழி, ஒரு முழு ஆட்டத்துக்கு 18), மறுநாள் 18. பையைத் தோளில் மாட்டிக்கொண்டோ கைவண்டியில் தள்ளிக்கொண்டோ நடந்தே ஆட வேண்டும். ஞாயிற்றுக்கிழமையே வேன் கிளம்பிவிடும், ஓட்டுபவரும் கோச்தான். ஆக, ஒவ்வொரு போட்டிக்கும் இரண்டு நாள் வகுப்பு போகும். ஆனால் ஜூனியர் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்ஜேசிஏஏ விதிப்படி, பருவத்துக்குக் குறைந்தது 12 கிரெடிட் (பாட அளவுப் புள்ளி) எடுத்து முழுநேரம் படிப்பவர்தான் அணியில் ஆடலாம். அதனால் அந்தக் கோச் கையில் ஒரு தாளோடு என்னிடம் வருவார். இவன் வீட்டுப்பாடம் கொடுக்கிறானா, தேர்வு எப்படி எழுதினான், எங்கே திணறுகிறான் என்று ஒவ்வொரு பையனைப் பற்றியும் கேட்டு எழுதிக்கொள்வார். இங்கே ஆட்டம் இரண்டு வருடம்தான். அதற்குள் அவனை நான்கு வருடப் பல்கலைக்கழகம் ஒன்றில் சேர்த்துவிட வேண்டும். எடுத்த பாடங்களை அங்கே ஏற்காவிட்டால் ஸ்கோர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சிக்கல்தான். அடிப்படைக் கணித வகுப்பில் மாட்டிக்கொண்ட பையனுக்கு அந்த வகுப்பு பட்டக் கணக்கிலேயே சேராது என்பதால், அவனைச் சீக்கிரம் அல்ஜீப்ராவுக்குக் கொண்டுவர என்னைவிட அவர்தான் துடித்தார். ஆட்டக் கோலைப் பிடிக்கச் சொல்லித்தருவது இந்த வேலையில் பாதிகூட இல்லை என்பது என் எண்ணம்.

ஆட்டம் என்று வந்தால், அணிக்கு ஐந்து பேர் ஆடுவார்கள், நான்கு ஸ்கோர்தான் சேரும். ஸ்கோர் என்பது எத்தனை அடியில் முடித்தான் என்ற கணக்கு, குறைந்தால்தான் நல்லது. 72, 74, 75, 78, 85 என்று வந்தால் 85 போய்விடும், அணிக்கு 299. மறுநாள் முதல் ஆட்டக்காரன் தடுமாறி 84 அடித்தால், நேற்று 85 அடித்தவனின் 76 உள்ளே வந்துவிடும். இதனால் ஐந்தாமவனும் கடைசி ஹோல் வரை விட்டுக்கொடுக்க முடியாது. தொழில்முறைப் போட்டியில் ஆட்டத்தின் நடுவே கேடியிடம்தான் (பை தூக்கும் உதவியாளர்) ஆலோசனை கேட்கலாம். கல்லூரிப் போட்டியில் கோச்சே பக்கத்தில் வந்து பேசலாம். மேற்கு டெக்சாஸ் காற்றில், மூன்று ஹோல் தொடர்ந்து சொதப்பிய 18 வயதுப் பையனோடு ஒருவர் கூட நடப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று நேரில் பார்த்தால்தான் தெரியும்.

"பெரிய ஆட்டக்காரர்கள் யாராவது இப்படி வந்திருக்கிறார்களா" என்று சந்தேகம் வரலாம். பப்பா வாட்சன் அலபாமாவின் ஃபாக்னர் ஸ்டேட் சமுதாயக் கல்லூரியில் ஆடிவிட்டு ஜார்ஜியா பல்கலைக்கழகத்துக்குப் போனவர். கோல்ஃபின் மிகப் பெரிய போட்டிகளில் ஒன்றான மாஸ்டர்ஸ் பட்டத்தை 2012, 2014 இரண்டிலும் வென்றார். 2009 மாஸ்டர்ஸில் பிளேஆஃப் (சமநிலையை முறிக்கும் கூடுதல் ஆட்டம்) வரை போன சாட் கேம்பல், டெக்சாஸின் மிட்லண்ட் கல்லூரியில் ஆடியவர்.

பண விஷயம் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். என்ஜேசிஏஏ முதல் பிரிவில் கட்டணம், புத்தகம், தங்குமிடம், சாப்பாடு எல்லாவற்றுக்கும் உதவித்தொகை தரலாம். இரண்டாம் பிரிவில் தங்குமிடமும் சாப்பாடும் சேராது. மூன்றாம் பிரிவில் விளையாட்டு உதவித்தொகையே கிடையாது, கலிஃபோர்னியா சமுதாயக் கல்லூரிகளிலும் அப்படித்தான்.

அந்தக் கோச்சிடம் பேசும்போது எத்தனை கோப்பை வாங்கினீர்கள் என்று கேட்பதைவிட, போன மூன்று வருடத்தில் உங்களிடம் ஆடியவர்கள் இப்போது எந்தப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறார்கள் என்று கேளுங்கள். பெயர் பெயராகச் சொன்னார் என்றால் தயங்காமல் சேர்த்துவிடுங்கள்.