ஹாம் (அமெச்சூர் ரேடியோ) கேள்வி–பதில்: ராத்திரி 7 மெகாஹெர்ட்ஸில் கேட்கும் பொய்க் குரல்

வாசகர், திண்டுக்கல்: பகலில் 40 மீட்டர் பட்டை (7 மெகாஹெர்ட்ஸ்) நன்றாகக் கேட்கிறது. இருட்டினால் 7050 முதல் 7200 கிலோஹெர்ட்ஸ் வரை எங்கே திருப்பினாலும் பாட்டும் பேச்சும் கலந்த முணுமுணுப்பு. 20 டெசிபெல் ப்ரீஆம்ப் (ரிசீவருக்கு முன்னே சிக்னலைப் பெருக்கும் சுற்று) வாங்கிப் போட்டேன், இன்னும் மோசம். ரிசீவர் போய்விட்டதா?

ரிசீவருக்கு ஒன்றும் ஆகவில்லை. முதல் வேலையாக அந்த ப்ரீஆம்பைக் கழற்றுங்கள். நம் பக்கத்தில் 7200 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே ஒலிபரப்பு நிலையங்களின் இடம். ராத்திரியில் அவை ரிசீவரின் சிக்னல் மீட்டரில் எஸ் 9 என்ற பலமான அளவுக்கும் மேல் 40 டெசிபெல் வரைகூட வந்து இறங்கும். அப்படி இரண்டு நிலையங்கள் சேர்ந்து மிக்சரை (வரும் சிக்னலை வேறு அலைவரிசைக்கு மாற்றும் பகுதியை) அழுத்தினால், மிக்சருக்குள்ளேயே மூன்றாவது சிக்னல் ஒன்று பிறந்துவிடுகிறது. 7220இலும் 7300இலும் ஆள் இருந்தால் 7140இல் ஒரு பொய்க் குரல் கேட்கும். 7220ஐ இரட்டித்து 7300ஐக் கழித்துப் பாருங்கள், கணக்கு சரியாக வரும்.

அது பொய்யா நிஜமா என்று ஒரு நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். 10 டெசிபெல் அட்டெனுவேட்டரை (சிக்னலைக் குறைக்கும் சுற்றை) போடுங்கள். நிஜமான சிக்னல் 10 டெசிபெல் மட்டுமே இறங்கும், மீட்டரில் இரண்டு எஸ்கூட (ஒரு எஸ் என்பது 6 டெசிபெல்) முழுதாகக் குறையாது. பொய்க் குரல் 30 டெசிபெல் இறங்கும். பெரும்பாலும் காணாமலே போகும். ஒன்றுக்கு மூன்று என்ற இந்த விகிதம்தான் உங்களுக்குச் சாதகம். உங்கள் ப்ரீஆம்ப் செய்தது இதன் தலைகீழ்: சிக்னலை 20 ஏற்றியது, குப்பையை 60 ஏற்றியது.

ரிசீவரில் அட்டெனுவேட்டர் இல்லையென்றால் கால் வாட் ரெசிஸ்டர் மூன்று போதும். உள்ளே வரும் முனையிலிருந்து கிரவுண்டுக்கு 100 ஓம், வெளியே போகும் முனையிலிருந்து கிரவுண்டுக்கு இன்னொரு 100, இரண்டு முனைகளுக்கும் நடுவே 68. கால்களை ஒட்ட நறுக்கி, சின்னத் தகர டப்பாவுக்குள் சால்டர் செய்யுங்கள். டிரான்சீவர் (அனுப்பவும் கேட்கவும் ஒரே பெட்டி) வைத்திருப்பவர்கள் கவனிக்க: இதை மாட்டிய நிலையில் மைக்கை அழுத்தினால் ரெசிஸ்டர் அப்போதே கருகிவிடும்.

'கேட்கும் திறன் குறைந்துவிடாதா?' என்பது அடுத்த கேள்வியாக இருக்கும். ரிசீவர் விளம்பரத்தில் உணர்திறன் 0.16 மைக்ரோவோல்ட் என்று போடுவது ஏறத்தாழ மைனஸ் 123 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபெல் அளவு). ஊருக்குள் வீட்டு மொட்டைமாடியில் முழு நீள டைபோல் ஆண்டெனா கட்டினால், 7 மெகாஹெர்ட்ஸில் ஆண்டெனா கொண்டுவரும் இரைச்சலே எஸ் 6, அதாவது மைனஸ் 91 டிபிஎம் பக்கம் நிற்கும். சந்தை இரைச்சலுக்கு நடுவே காது எவ்வளவு கூர்மையாக இருந்து என்ன பயன்? ஆண்டெனாவைக் கழற்றி அந்த இடத்தில் 50 ஓம் ரெசிஸ்டரை மாட்டுங்கள், பிறகு மீண்டும் ஆண்டெனாவை மாட்டுங்கள். இரைச்சல் 10 டெசிபெல் கூடினாலே உணர்திறன் போதும். அதற்கு மேல் கூடுவது முழுக்க அட்டெனுவேட்டருக்குக் கொடுக்கலாம்.

வாசகர், கோவை: எஸ்ஏ612 மிக்சர் ஐசி போட்டு ரிசீவர் கட்டுகிறேன். நான்கு டயோடில் கட்டும் டயோட் ரிங் மிக்சர் மேல் என்கிறார்கள். எஸ்ஏ612தான் சிக்னலைப் பெருக்கியும் தருகிறதே?

பெருக்குவதால்தான் சிக்கலே. எஸ்ஏ612இன் உள்ளீட்டு மூன்றாம்படி இன்டர்செப்ட் (பொய்க் குரல் நிஜ சிக்னலை எட்டிப்பிடிக்கும் கணக்குப் புள்ளி; உயர உயர நல்லது) மைனஸ் 15 டிபிஎம் அளவில் இருக்கும். 500 ஹெர்ட்ஸ் ஃபில்டரில் அதன் இரைச்சல் தரையை (அதன் சொந்த இரைச்சலின் அளவை) மைனஸ் 140 என்று வைத்துக்கொண்டால், வித்தியாசத்தில் மூன்றில் இரண்டு பங்கு, 83 டெசிபெல், அதன் டைனமிக் ரேஞ்ச் (இரைச்சல் தரைக்கும் பொய்க் குரல் தலைகாட்டும் அளவுக்கும் உள்ள இடைவெளி). டயோட் ரிங்குக்கு இன்டர்செப்ட் பிளஸ் 14, தரை மைனஸ் 137 என்று எடுத்தால் 100 டெசிபெல் வருகிறது. முதலாவது எஸ் 9க்கு மேல் 16 டெசிபெல்லிலேயே உளற ஆரம்பிக்கும்; இரண்டாவது 37 வரை தாக்குப்பிடிக்கும்.

ஆனால் ரிங்கைப் போட்டால் மட்டும் அந்த 100 வந்துவிடாது. மிக்சரை இயக்கும் ஆஸிலேட்டர் 5 மில்லிவாட் கொடுக்க வேண்டும், 50 ஓமில் உச்சிக்கு உச்சி 1.4 வோல்ட். பலர் கோட்டைவிடும் இடம் ஐஎஃப் பக்கம், அதாவது மிக்சரின் வெளியீடு. கிரிஸ்டல் ஃபில்டரை நேராக மிக்சரில் ஒட்டினால், ஃபில்டர் தன் அகலத்துக்கு வெளியே உள்ளதையெல்லாம் திருப்பி மிக்சருக்குள்ளேயே தள்ளும், இன்டர்செப்ட் சரிந்துவிடும். நடுவில் டைப்ளெக்சரோ (வேண்டாத அலைவரிசைகளை ரெசிஸ்டரில் கரைக்கும் சுற்று), 50 ஓம் உள்ளீடுள்ள ஆம்ப்ளிஃபையரோ கட்டாயம். டயோட் நான்கையும் மல்டிமீட்டரில் அளந்து, ஒன்றுக்கொன்று 5 மில்லிவோல்ட்டுக்குள் வருவதைப் பொறுக்கிப் போடுங்கள். சாதாரண 1என்4148 ஒரு கைப்பிடி வாங்கினால் நான்கு தேறும்.

வாசகர், சென்னை: ஆர்டிஎல் டாங்கிளில் (கணினியில் செருகும் யுஎஸ்பி ரிசீவர்) 145 மெகாஹெர்ட்ஸ் பார்க்கிறேன். எஃப்எம் பாட்டு நடுவில் வருகிறது.

அதிலிருப்பது 8 பிட் ஏடிசி (சிக்னலை எண்களாக மாற்றும் பகுதி), அடிப்படைக் கொள்ளளவே 50 டெசிபெல்தான்; பலமான எஃப்எம் அதை எளிதில் அழுத்திவிடும். தானியங்கி கெயினை (பெருக்க அளவை) அணைத்துவிட்டு, சைஃபரிலிருந்து ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். திரையில் இரைச்சல் தரை உயர ஆரம்பிக்கும் இடத்தில் நிறுத்துங்கள். தொல்லை ஒரே நிலையத்திடமிருந்து, 98.3இலிருந்து என்று வைத்துக்கொள்வோம்: ஆண்டெனா வழியில் ஒரு டீ கனெக்டர் போட்டு, ஆர்ஜி 58 கேபிளில் 52 சென்டிமீட்டர் வெட்டி மாட்டுங்கள். மறுமுனை திறந்தே இருக்கட்டும். அரை சென்டிமீட்டராக நறுக்கிக்கொண்டே வந்தால் 50 பக்கத்தில் அந்த நிலையம் அமுங்கும். 145இல் இழப்பு ஒரு டெசிபெல் சொச்சம். பல நிலையங்கள் சேர்ந்து தொல்லை கொடுத்தால் இது உதவாது, 88–108ஐ அடைக்கும் ஃபில்டர்தான் வாங்க வேண்டும்.