ரீச்சரிடம் கேளுங்கள்: சம்பந்தி வீடு மாவோரி வீடு

போன இதழில், ஒக்லண்டில் மகளுடன் எட்டு மாதம் இருந்துவிட்டு வந்ததைப் பற்றி ஒரேயொரு வரி எழுதினேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி நியூசிலாந்தையும் அதன் பூர்வகுடிகளான மாவோரிகளையும் பற்றித்தான். மிளகாய்க்கு வந்த இலைச்சுருட்டல் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

விசுவமடுவிலிருந்து ஒரு அம்மா: ரீச்சர், என் மகன் நியூசிலாந்தில் ஒரு மாவோரிப் பிள்ளையை விரும்பி, இரண்டு பகுதியும் சம்மதித்து, வருகிற தையில் அங்கே கல்யாணம். முதல் நாள் பெண் வீட்டார் தங்கள் 'மராய்' என்ற இடத்தில் எங்களை வரவேற்பார்களாம். மூக்கோடு மூக்கு வைக்க வேண்டுமாம். இவருக்கு இப்போதே வியர்க்கிறது. எப்படி நடந்துகொள்வது?

தங்கச்சி, இவரிடம் முதலில் சொல்லுங்கள், மூக்கு கடைசியில்தான் வரும். அதற்கு முன் படலையில் நிற்கிற வேலை இருக்கிறது.

மராய் என்பது ஒரு குலத்தாரின் பொது முற்றமும் அதில் நிற்கும் பெரிய மண்டபமும். நம் ஊர்க் கோயில் வீதி, மடம், சனசமூக நிலையம் மூன்றையும் ஒரே வளவுக்குள் வைத்தால் எப்படியோ அப்படி. நினைத்தபடி உள்ளே நடக்கக்கூடாது. வந்தவர்கள் கூட்டமாகப் படலையில் நிற்க, உள்ளேயிருந்து ஒரு பெண் குரலெடுத்துக் கூப்பிடுவார். அதற்குக் கரங்கா என்று பெயர். முதல் தடவை கேட்டபோது எனக்கு ஒப்பாரியின் முதல் இழுவை மாதிரி இருந்தது, உடம்பு சிலிர்த்துவிட்டது. நான் கேட்டது பிழையும் இல்லை. அந்தக் குரல் வந்தவர்களை மட்டுமல்ல, அவர்களுடைய செத்தவர்களையும் சேர்த்துத்தான் கூப்பிடுகிறது. உங்கள் பக்கத்திலிருந்தும் ஒரு பெண் பதில் குரல் கொடுக்க வேண்டும். மகனிடம் சொன்னால் தெரிந்த ஒருவரை ஒழுங்கு செய்வான். பிறகு மெதுவாக, கூட்டம் பிரியாமல் நடங்கள். நடுவில் எல்லாரும் கொஞ்சம் நிற்பார்கள். அது இறந்தவர்களுக்காக. நீங்களும் நில்லுங்கள்.

சேலை நல்ல உடுப்பு, அங்கேயும் சடங்குக்குப் பெண்கள் நீளப் பாவாடைதான் உடுப்பார்கள். முன்வரிசைக் கதிரை பேசுகிற ஆட்களுக்கு. பேசுகிறவருக்குக் குறுக்கே நடக்க வேண்டாம். ஒவ்வொரு பேச்சு முடியவும் பேசியவரின் ஆட்கள் எழுந்து ஒரு பாட்டுப் பாடுவார்கள். இதை ஒருவரும் முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள், ஆனால் உங்கள் பக்கத்தவர் பேசி முடிய நீங்களும் பாட வேண்டும். குடும்பமாகப் பாடக்கூடிய ஒரு தேவாரத்தைப் பழகி வைத்திருங்கள். எங்களுக்குச் சொல்லித்தராததால், நானும் மகளும் அவளோடு வேலை செய்கிற பஞ்சாபிப் பிள்ளைகளுமாக நின்று முழித்தோம். கடைசியில் நான் தனியே 'தோடுடைய செவியன்' பாடினேன். நடுவில் ஒரு வரி தப்பிவிட்டது. அது எனக்கும் சம்பந்தருக்கும் மட்டும்தான் தெரியும். என்வலப்பில் காசு வைத்துக் கொடுக்கிற வழக்கமும் உண்டு, கோஹா என்பார்கள். அதைப் பேச்சாளர் முறைப்படி வைப்பார். நீங்கள் போய்க் கையில் திணிக்க வேண்டாம்.

சரி, மூக்கு. ஹொங்கி என்பது முத்தம் இல்லை. கையைப் பிடித்து, நெற்றியும் மூக்கும் மெல்லப் பட, ஒரு மூச்சு சேர்ந்து எடுப்பது. அவ்வளவுதான். நாம் பிள்ளையை உச்சி மோக்கிறோமே, அதற்குப் பக்கத்து வீட்டுச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் கதையில், தானே என்ற தெய்வம் மண்ணைப் பிசைந்து ஹினே அஹு ஓனே என்ற முதல் பெண்ணைச் செய்து, அவள் மூக்கில் மூச்சை ஊதினான். அவள் தும்மினாள், உயிர் வந்தது. அந்தத் தும்மலைச் சொல்லித்தான் இன்றைக்கும் பெரியவர்கள் பேச்சைத் தொடங்குவார்கள். இதைக் கேட்டதும், குழந்தை தும்மினால் 'நூறு' என்று சொல்கிற என் அம்மாவின் நினைவு வந்தது. இவரிடம் சொல்லுங்கள், கண்ணாடியைக் கழற்றிப் பொக்கற்றில் வைத்தால் போதும், பயப்பட ஒன்றுமில்லை. அது முடிய ஒரு சாப்பாடு. சாப்பாடுதான் சடங்கைக் கழிப்பது. அதற்குப் பிறகு நீங்கள் விருந்தாளி இல்லை, வீட்டாள்.

மண்டபத்துக்குள் செருப்புக் கழற்றுவது நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த மண்டபம் ஒரு மூதாதையின் உடல். முகட்டு வளை முதுகெலும்பு, கைமரங்கள் விலா எலும்பு, முகப்பில் இரண்டு பக்கமும் சரிந்து இறங்கும் பலகைகள் விரித்த கைகள். இரவில் எல்லாரும் அதற்குள்ளேயே வரிசையாகப் பாய் போட்ட மாதிரி மெத்தை போட்டுப் படுப்பார்கள்.

நான் பிழைவிட்டது அங்கேதான். முழங்கால் உளைவுக்கு ஒரு தலையணையை இழுத்துப் போட்டு அதன்மேல் இருந்துவிட்டேன். ஒரு கிழவி ஒன்றும் பேசாமல் வந்து அதை மெல்ல எடுத்துக்கொண்டு, மடித்த போர்வை ஒன்றை வைத்துவிட்டுப் போனார். தலை அவர்களுக்குத் தபு. துடக்கும் புனிதமும் சேர்ந்த சொல் அது, 'ஒதுக்கம்' என்று சொல்லலாம். தலை படுகிற இடத்தில் பின்பக்கம் படக்கூடாது. சாப்பாட்டு மேசையில் இருக்கவோ, சீப்பு, தொப்பி வைக்கவோ கூடாது. மருமகள் வீட்டில் நிற்கும் நாட்களில் ஒன்று கட்டாயம் கவனியுங்கள். குசினித் துடைக்கிற துணியை உடுப்புகளோடு சேர்த்து மெசினில் போட்டுவிடாதீர்கள். உதவி செய்கிறேன் என்று போய் அதைச் செய்கிற மாமியார்தான் அதிகம்.

உங்களை அறிமுகப்படுத்தச் சொல்வார்கள். பெயர் கடைசியில். முதலில் உங்கள் மலை, பிறகு ஆறு, பிறகு முன்னோர் வந்த வள்ளம், பிறகு குலம். தைனுயி, தெ அராவா என்று வள்ளங்களின் பெயர்களே குலங்களின் அடையாளமாக நிற்கின்றன. என் முறை வந்தபோது நான் விழித்தேன். வட்டக்கச்சியில் மலைக்கு எங்கே போவது? இரணைமடுக் குளத்தின் அணைக்கட்டுத்தான் எங்கள் மலை, ஆறு கனகராயன் ஆறு என்றேன். வள்ளம் உண்மையிலேயே இருந்தது. என் அப்பா நெடுந்தீவிலிருந்து கடல் கடந்து வந்து காடு வெட்டிக் காணி எடுத்தவர். மகள் மொழிபெயர்த்தாள். தலையணை எடுத்த அதே கிழவி, "வள்ளத்தின் பெயர்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அப்பாவிடம் நான் கேட்டதே இல்லை. நீங்கள் போவதற்கு முன் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள்.

இன்னொன்று, நாளைக்குப் பேரப்பிள்ளை பிறந்தால் மருமகள் நச்சுக்கொடியை ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கி ஊர் மண்ணில் புதைப்பாள். முகம் சுளிக்காதீர்கள். ஃபெனுவா என்ற ஒரே சொல்லுக்கு அவர்களிடம் நிலம், நச்சுக்கொடி இரண்டும் பொருள்.

முல்லைத்தீவு, உயர்தர மாணவன்: நியூசிலாந்து ரக்பி அணி ஆடும் ஹக்கா போர் நடனம்தானே?

போருக்கும் ஆடினார்கள். கல்யாணத்துக்கும், செத்தவீட்டுக்கும், பட்டமளிப்புக்கும் ஆடுகிறார்கள், பெண்களும் ஆடுகிறார்கள். அணியால் பிரபலமான அந்த ஹக்காவை 1820 அளவில் தெ ரௌபராஹா என்ற தலைவர் கட்டினார். எதிரிகள் துரத்த, கூமரா சேமிக்கும் குழிக்குள் ஒளித்திருந்து, சாவா வாழ்வா என்று நடுங்கி, கடைசியில் வெயிலுக்கு ஏறி வந்ததுதான் அதன் பொருள். கூமரா நம் வற்றாளங்கிழங்கேதான். பங்கருக்குள் இருந்து வெளிச்சத்துக்கு வந்த ஊர்க்காரருக்கு நான் இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை. உன் அம்மாவைக் கேள்.

மாங்குளம், ஓய்வுபெற்ற தபால்காரர்: அங்கே தமிழ் எழுத்துள்ள மணி இருப்பதாகச் சொல்வது உண்மையா, நம்மவர் புளுகா?

ஐயா, நானும் புளுகென்றுதான் நினைத்திருந்தேன். வெலிங்டனில் தெ பாபா அருங்காட்சியகத்துக்குரிய பொருள் அது. 1836 அளவில் வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி, வங்காரெய் பக்கத்தில் மாவோரிப் பெண்கள் அதைக் கவிழ்த்துப் பிடித்து உருளைக்கிழங்கு அவித்துக்கொண்டிருக்கக் கண்டார். ஒரு சாண்கூட இல்லாத வெண்கல மணி, வாய்ப்பக்கம் உடைந்தது. முகையதீன் பக்சு என்பவருடைய கப்பலின் மணி என்று தமிழில் பொறித்திருக்கிறது. எப்படிப் போனது என்பது ஒருவருக்கும் தெரியாது. இதை வைத்து 'தமிழன் அங்கே முதலில் போனான்' என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மணி போனது, அவ்வளவுதான். அதைக் கிழங்கு அவிக்க எடுத்த பெண்களின் புத்திதான் எனக்குப் பிடித்தது.

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு வாசகி: அவர்களுக்கும் கார்த்திகை உண்டாமே?

உண்டு. மாதம் இல்லை, நட்சத்திரம். நாம் கார்த்திகைப் பெண்கள் என்று ஆறு எண்ணுகிற கூட்டத்தை அவர்கள் மத்தாரிகி என்று ஏழாகவோ ஒன்பதாகவோ எண்ணுகிறார்கள். நமக்கு மழைக்காலத்து முன்னிரவில் கிழக்கே ஏறுவது, அவர்களுக்கு நடுக்குளிரில், ஆனி ஆடிப் பக்கம், விடியுமுன் மீண்டும் தெரியும். அதுதான் அவர்களுடைய புது வருடம். 2022 இலிருந்து அரச விடுமுறை.

அந்தக் கூட்டத்தில் ஒரு நட்சத்திரம் அந்த வருடம் இறந்தவர்களுக்கு உரியது. விடிய முன் ஒரு மேட்டில் கூடி, செத்தவர்களின் பெயர்களை வானத்தைப் பார்த்துச் சொல்லுவார்கள். பிறகு அவித்த உணவின் மூடியைத் திறந்து ஆவியை நட்சத்திரங்களுக்கு விடுவார்கள். ஆவி என்று நாமும் இரண்டுக்கும் ஒரே சொல்லைத்தானே வைத்திருக்கிறோம்.

2023 இல் மகள் என்னைப் போர்வை சுற்றிக் கூட்டிக்கொண்டு போனாள். முகில் கலைந்து தெரிந்ததும் ஒவ்வொருவராகப் பெயர் சொன்னார்கள். என் பக்கத்தில் நின்றவர், நீங்களும் சொல்லலாம் என்றார். அந்த வருடம் எங்கள் வீட்டில் ஒருவரும் சாகவில்லை. பழைய பெயர்கள் சொல்லலாமா என்று மகளைக் கொண்டு கேட்டேன். சொல்லுங்கள் என்றார்கள். தொடங்கினேன். நேரம் எடுத்தது. ஒருவரும் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. முடிந்தபோது கிழக்கு வெளித்துவிட்டது, யாரோ என் கையில் ஒரு கோப்பை சூப்பைத் தந்தார்கள்.