வாசகர் கேள்வி: தோட்டத்து மரக்குடிலில் அலுவலக அறை

கேள்வி: இங்கிலாந்தில் சொந்தத் தனிவீட்டில் வசிக்கும் நாங்கள், பின்தோட்டத்தில் நான்குக்கு மூன்று மீட்டர் அளவில் லாக் கேபின் (மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டும் குடில்) ஒன்றை அமைத்து, ஆண்டு முழுவதும் அலுவலக அறையாகப் பயன்படுத்த விரும்புகிறோம். அனுமதி பெற வேண்டுமா? குளிருக்காக உட்சுவரில் வெப்பத்தடுப்புப் பலகை அடித்து, அதன்மேல் அலமாரிகளைப் பொருத்தலாமா?
- வாசகர், ஹாரோ

பதில்: படுக்கையறையாகப் பயன்படுத்தாதவரை, இத்தகைய குடிலுக்குப் பெரும்பாலும் திட்ட அனுமதி தேவைப்படாது. எனினும், அதன் எந்தப் பகுதியேனும் எல்லைக்கு 2 மீட்டருக்குள் வருமானால், மொத்த உயரம் 2.5 மீட்டரைத் தாண்டக்கூடாது. சரிவான நிலத்தில் அந்த உயரம் குடிலை ஒட்டிய தரையின் மிக உயர்ந்த இடத்திலிருந்தே அளக்கப்படும். பழைமைச் சின்னமாகப் பட்டியலிடப்பட்ட வீடு என்றால் உள்ளூர் மன்றத்திடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. ஒன்றின்மேல் ஒன்றாகப் பூட்டி அடுக்கப்படும் இந்தக் கட்டைகள், மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சி உப்பும். கோடையில் உலர்ந்து சுருங்கும். ஆகவே சுவரின் உயரமே ஆண்டு முழுவதும் கூடிக் குறைந்துகொண்டிருக்கும். பலகைக்காகவோ அலமாரிக்காகவோ பல கட்டைகளைச் சேர்த்து ஒரு சட்டத்தை இறுக்கமாகத் திருகிவிட்டால், சுருங்கும்போது மேற்கட்டைகள் கீழிறங்க முடியாமல் தொங்கி, இடையே விரிசல் திறந்து காற்றும் மழையும் உள்ளே வரும். சன்னல், கதவு நிலைகளின் மேல் விடப்படும் இடைவெளியும் இதற்காகவே. விற்பவர்களில் பலர் இதை அழுத்திச் சொல்வதில்லை என்பது என் கருத்து. அந்த இடைவெளியைக் கடினமான நுரையால் அடைத்துவிடாதீர்கள். அலமாரி தரையில் தானாக நிற்கட்டும். சாயாதிருக்க, மேலே ஒரே ஒரு கட்டையில் மட்டும் பிணையுங்கள்.

உட்சுவரில் பலகை அடிப்பதைவிட, 44 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட தடிமனுள்ள கட்டைகளை வாங்கி, வெப்பத்தடுப்பைத் தரைச் சட்டங்களுக்கு இடையிலும் கூரைப் பலகைகளின் மேலும் வைப்பதே என் பரிந்துரை. பின்னர் சேர்ப்பது கடினம் என்பதால் இவற்றை முன்பே தீர்மானித்துக்கொள்ளுங்கள். அடித்தளம் மட்டமாக இல்லாவிட்டால் கட்டைகள் சரியாகப் பூட்டிக்கொள்ளாது; எனவே செலவைக் குறைக்க வேண்டுமென்றால் அடித்தளத்தில் மட்டும் குறைக்காதீர்கள். மின்சாரத்துக்கு, கவசமிட்ட கேபிளைப் பதிவுபெற்ற மின்பணியாளரைக் கொண்டே வீட்டிலிருந்து இழுத்துவாருங்கள். பாதுகாப்புப் பூச்சை, கட்டி முடித்ததும் உலர்ந்த வானிலையில், வெளிப்புறம் முழுவதும் அடித்துவிட வேண்டும்.