மான் கற்பதைக் கணக்காக எழுத முடியுமா?

பரிசு கிடைக்கக் கிடைக்கக் கற்றல் கூடுவதைச் சமன்பாடாக எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதலாம். 1972இல் ரெஸ்கோர்லா, வாக்னர் என்ற இரு உளவியலாளர்கள் தந்தது சுருக்கமாக இதுதான்: எதிர்பார்ப்பில் மாற்றம் = கற்கும் வேகம் × (கிடைத்தது − எதிர்பார்த்தது).

திருகோணமலைக் கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்களையே எடுப்போம். கோணேசர் கோயிலுக்குப் போகிறவரின் சொப்பிங் பை சரசரக்கிறது, வாழைப்பழம் வருகிறது. (சில மான்கள் பைக்குள்ளேயே மூக்கை விடும், அது வேறு கதை.) வேகம் 0.3, பழத்தின் மதிப்பு 1 என்று வையுங்கள். முதல் தடவைக்குப் பிறகு சரசரப்பின் மேல் எதிர்பார்ப்பு 0.3, அடுத்து 0.51, அப்புறம் 0.657. பழம் அதே பழம்தான், ஆச்சரியம்தான் குறைகிறது; அதனால் ஏற்றமும் சுருங்குகிறது. பழம் வராமலே போனால் அதே கணக்கு கீழே இறங்கும்.

சரி, ஓட்டை இல்லையா? இருக்கிறது. பரிசு நின்றதால் அணைந்துபோன பழக்கம் சிறிது இடைவெளிக்குப் பின் தானாகத் திரும்புவதை, நாய்களை வைத்துக் கற்றலை ஆராய்ந்த பாவ்லோவே கண்டிருக்கிறார். இந்தச் சமன்பாட்டில் அதற்கு இடமே இல்லை.