கேம் ஆஃப் த்ரோன்ஸ் ரசிகர்கள் சொல்லும் ‘பி.ஓ.வி. பாத்திரம்’ என்றால் என்ன?

இந்தத் தொலைக்காட்சித் தொடருக்கு மூலமான நாவல்களில் ஒவ்வொரு அத்தியாயமும் ஒரே ஒருவரின் கண் வழியாகத்தான் போகும், அவர் பார்க்காதது நமக்கும் தெரியாது. அந்த ஒருவர்தான் அந்த அத்தியாயத்தின் பி.ஓ.வி. (பாயின்ட் ஆஃப் வியூ, அதாவது பார்வைக் கோணம்) பாத்திரம். கல்யாண வீட்டுச் சண்டையைச் சித்தி சொல்லிக் கேட்கிற மாதிரி, அவர் சமையல்கட்டுக்குப் போன நேரத்தில் நடந்தது விட்டுப்போகும். ஸ்டார்க் குடும்பத்து மூத்த மகன் ராப்புக்கு நாவல்களில் ஒரு அத்தியாயம்கூட இல்லை. அவனுக்குக் கல்யாணம் ஆனதே, திரும்பி வந்து அம்மா கேட்லினிடம் சொல்லும்போதுதான் நமக்குத் தெரியும். கேமராவால் ஒருவர் மனதுக்குள்ளேயே உட்கார்ந்திருக்க முடியாதே, அதனால் தொடர் அவன் காதலை நேராகவே காட்டியது. ராஜா ராபர்ட்டும் ராணி செர்சியும் தங்கள் மணவாழ்க்கையைப் பற்றிப் பேசும் முதல் சீசன் காட்சியும் நாவலில் கிடையாது (அந்த சீசனில் எனக்கு அதுதான் முதலிடம்). அப்புறம், பி.ஓ.வி. கிடைத்தவர் சாகமாட்டார் என்று பலர் நினைக்கிறார்கள், அது தப்பு: முதல் நாவலில் அதிக அத்தியாயங்கள், மொத்தம் 15, ராப்பின் அப்பா நெட் ஸ்டார்க்குக்கு, தலை போனதும் அவருக்குத்தான்.