நானோ பாக்லிடாக்செலில் பக்கவிளைவே கிடையாதா?

“அம்மாவுக்குப் பரவிய மார்பகப் புற்றுநோய். நானோ பாக்லி என்கிற கீமோ மருந்தைப் போடலாம் என்கிறார்கள். அதில் பக்கவிளைவே இல்லையாமே?” என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது. 2005-ல் அமெரிக்காவில் அனுமதி வாங்கித் தந்த ஆய்வில் கடுமையான கை கால் மதமதப்பு இதில் 10%, பழைய பாக்லிடாக்செலில் 2%. கட்டி நன்றாகச் சுருங்கியவர்கள் இதில் 33%, பழையதில் 19%. இரண்டையும் சேர்த்தேதான் சொல்கிறேன், கம்பெனி ஆள் என்று முத்திரை குத்திவிடாதீர்கள்.

துகள் கட்டியைத் தேடிப்பிடித்துத் தாக்கும் என்கிற ஃபார்வர்டுகளை விட்டுத்தள்ளுங்கள். முக்கியமாக மாறியது கரைப்பான். பாக்லிடாக்செல் தண்ணீரில் கரையாது. பழையதை ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த கிரெமோஃபோரிலும் ஆல்கஹாலிலும் கரைத்திருப்பார்கள். அலர்ஜிக்குப் பெரும்பாலும் அந்தக் கிரெமோஃபோர்தான் காரணம், அதனால்தான் முன்கூட்டியே டெக்ஸா என்கிற ஸ்டீராய்டு, 3 மணி நேர டிரிப் எல்லாம். நானோவில் மருந்து ஆல்புமின் என்கிற ரத்தப் புரதத்தோடு ஒட்டி, சுமார் 130 நானோமீட்டர் துகளாக இருக்கிறது. 30 நிமிடத்தில் ஏறிவிடும். அலர்ஜிக்கான முன்மருந்து பெரும்பாலும் வேண்டாம்.

சொதப்புவது கலக்கும்போது. 100 மி.கி. வயலில் (மருந்துக் குப்பியில்) 20 மி.லி. நார்மல் சலைனைக் குறைந்தது 1 நிமிடம் எடுத்து, உள்சுவரில் வழியவிட வேண்டும். பொடியின் தலையில் நேராகப் பீய்ச்சினால், அடித்த முட்டை வெள்ளைக்கரு மாதிரி நுரைத்துக்கொள்ளும். 5 நிமிடம் ஊறவிட்டு, 2 நிமிடம் மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், குலுக்கக் கூடாது. நுரைத்துவிட்டால் 15 நிமிடம் காத்திருக்கத்தான் வேண்டும். பழையதற்கு மாட்டும் 0.22 மைக்ரான் ஃபில்டரை இதற்கு மாட்டினால் அடைத்துக்கொள்ளலாம். கலந்த மருந்துப் பை பால் நிறத்தில் இருக்கும், கெட்டுப்போய்விட்டது என்று பதறாதீர்கள்.

வயலில் ‘ஆல்புமின்’ என்று போட்டிருக்கிறதா பாருங்கள். பாலிமர் வகையையும் நானோ என்றே விற்கிறார்கள், அதைக் கலக்கும் முறை வேறு. டோஸும் ஒன்றல்ல: 3 வாரத்துக்கு ஒருமுறை என்றால் இது சதுர மீட்டருக்கு 260 மி.கி., பழையது 175. சீட்டில் வெறும் ‘பாக்லி’ என்று கிறுக்குவது வம்பை விலைக்கு வாங்குவது.

இன்னொரு வயிற்றெரிச்சல். உடல் பரப்பு 1.6 சதுர மீட்டர் என்றால் 416 மி.கி. வெறும் 16 மி.கி.க்காக ஐந்தாவது வயலை உடைத்து, மிச்சத்தைக் கொட்டி, பில்லை நோயாளி தலையில் கட்டுவார்கள். 10%-க்குள் ரவுண்ட் செய்வது பல இடங்களில் ஏற்ற வழக்கம்தான். டாக்டரிடம் கூசாமல் கேளுங்கள்.

நியூட்ரோஃபில் என்கிற வெள்ளையணு 1500-க்குக் கீழே போனால் அந்த சைக்கிளை, அதாவது அந்தச் சுற்று மருந்தை, தள்ளிவைப்பார்கள். விரல் மதமதத்து ஜாக்கெட் கொக்கி மாட்ட வரவில்லை என்று அம்மா சொன்னால், அடுத்த டோஸ் வரை காத்திருக்காமல் அன்றே டாக்டருக்குச் சொல்லிவிடுங்கள்.