எட்டு மைக், சின்ன பட்ஜெட்: ப்ரீஆம்ப், கன்வெர்ட்டர் கேள்வி-பதில்

வீட்டு ஸ்டூடியோவுக்குப் பல சேனல் ப்ரீஆம்ப் (மைக்கின் மெல்லிய சிக்னலை உயர்த்தும் கருவி) வாங்கும் முன் எல்லோரும் கேட்பது ஒலித்தரத்தைப் பற்றி. வாங்கிய பிறகு வரும் கேள்விகளில் பெரும்பாலானவை கேபிள், துளை, சுவிட்ச் பற்றியவை. அதனால் இந்த முறை பின்பக்கப் பேனலுக்குத்தான் அதிக இடம்.

இரண்டு மைக் உள்ளீடு கொண்ட யூஎஸ்பி இன்டர்ஃபேஸ் வைத்திருக்கிறேன். டிரம்ஸ் பதிவுக்கு எட்டு சேனலாவது வேண்டும். இதை விற்றுவிட்டுப் பெரியதாக வாங்குவதா, இல்லை இதோடு எதையாவது சேர்ப்பதா?

இன்டர்ஃபேஸை, அதாவது மைக்கைக் கணினியோடு இணைக்கும் அந்தப் பெட்டியை, திருப்பிப் பாருங்கள். சிறிய மூடி போட்ட ஆப்டிகல் உள்ளீடு இருக்கிறதா? இருந்தால் அது ஏடாட் வடிவத்தை (ஒரே கேபிளில் எட்டு சேனல் அனுப்பும் டிஜிட்டல் முறை) ஏற்குமா என்று கையேட்டில் உறுதிசெய்யுங்கள். இது முக்கியம். துளையும் கேபிளும் ஒரே மாதிரிதான் இருக்கும், ஆனால் சில கருவிகளில் அது எஸ்/பிடிஐஎஃப் என்ற வேறொரு டிஜிட்டல் வடிவத்துக்கு மட்டும்தான். அப்படியென்றால் இரண்டு சேனலோடு சரி.

ஏடாட் என்றால் கவலை இல்லை. 1990களின் தொடக்கத்தில் அலிசிஸ் நிறுவனம் தன் டேப் ரெக்கார்டருக்காகக் கொண்டுவந்த இணைப்பு அது. டேப் போய்விட்டது, இணைப்பு மட்டும் நின்றுவிட்டது. ஒரே ஆப்டிகல் கேபிளில், 48 கிலோஹெர்ட்ஸில், 24 பிட் ஒலி 8 சேனல் போகும். உதாரணமாக, ஆடியன்ட் ஐடி14-ல் மைக் உள்ளீடு இரண்டுதான், ஆனால் ஏடாட் உள்ளீடு உண்டு. அதோடு பெரிஞ்சர் ஏடிஏ8200 போன்ற ஒரு பெட்டியைச் சேர்த்தால் மொத்தம் 10 மைக். பட்ஜெட் இறுக்கமாக இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த வழியைத்தான்.

ஆப்டிகல் உள்ளீடே இல்லையென்றால் தயங்காமல் விற்றுவிடுங்கள். அப்புறம் புதிதாக வாங்கும்போது பெட்டியின் மேல் இருக்கும் எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் 18ஐ8 என்றால் 18 உள்ளீடு என்பது உண்மைதான். ஆனால் அதில் 8 ஏடாட் வழியாக வருபவை, 2 எஸ்/பிடிஐஎஃப். மைக் ப்ரீஆம்ப் நான்கே நான்கு. எந்த மாடலானாலும் "மைக் ப்ரீஆம்ப் எத்தனை?" என்ற ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்.

இரண்டு சின்ன யூஎஸ்பி இன்டர்ஃபேஸ்களை ஒரே கணினியில் சேர்த்து ஓட்ட முடியாதா?

மேக்கில் 'அக்ரிகேட் டிவைஸ்' (பல கருவிகளை ஒன்றாகக் காட்டும் அமைப்பு) உருவாக்கி ஓட்டலாம். விண்டோஸில் ஒலிப்பதிவுக்கான ஆசியோ டிரைவர் பொதுவாக ஒரு நேரத்தில் ஒன்றுதான். அவசரத்துக்குச் சரி, இதை நம்பி ஸ்டூடியோ அமைக்க வேண்டாம்.

எட்டு சேனல் ப்ரீஆம்பை ஆப்டிகலில் இணைத்துவிட்டேன். ஒலி வருகிறது, ஆனால் இடையிடையே 'டிக்' என்று ஒரு சத்தம். கேபிள் கோளாறா?

கேபிளாகவும் இருக்கலாம். ஆனால் நான் முதலில் சந்தேகப்படுவது க்ளாக்கை, அதாவது ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளப்பது (சாம்பிள் எடுப்பது) என்று தாளம் போடும் பகுதியை. இரண்டு பெட்டிக்குள்ளும் தனித்தனி கிரிஸ்டல் இருக்கிறது. இரண்டும் 48,000 என்று சொன்னாலும் துல்லியமாக ஒன்றாக ஓடாது. பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் இருந்தால் போதும், நொடிக்கு ஏறக்குறைய ஒரு சாம்பிள் கூடும் அல்லது குறையும். அந்த இடறல்தான் உங்கள் காதில் விழும் 'டிக்'.

தீர்வு: ஒன்று தாளம் போட வேண்டும், மற்றது அதைப் பின்பற்ற வேண்டும். ப்ரீஆம்பிலிருந்து இன்டர்ஃபேஸுக்கு ஒரே ஒரு ஆப்டிகல் கேபிள்தான் போகிறது என்றால், ப்ரீஆம்பை 'இன்டர்னல்' அல்லது 'மாஸ்டர்' நிலையில் வையுங்கள். சாம்பிள் ரேட்டை அதிலேயே தேர்ந்தெடுங்கள். பிறகு இன்டர்ஃபேஸின் கட்டுப்பாட்டு மென்பொருளில் க்ளாக் மூலத்தை 'ஏடாட்' என்று மாற்றி, 'லாக்டு' என்று காட்டுகிறதா என்று பாருங்கள். ரெக்கார்டிங் மென்பொருளின் புராஜெக்ட்டும் அதே ரேட்டில் இருக்க வேண்டும். 44.1-ல் திறந்த பழைய புராஜெக்ட் ஒன்று இன்டர்ஃபேஸையும் தன் பக்கம் இழுக்கப் பார்க்கும்.

இன்டர்ஃபேஸில் ஆப்டிகல் வெளியீடும் இருந்தால், இன்னொரு கேபிள் போட்டு இன்டர்ஃபேஸையே மாஸ்டராக்கலாம். அப்போது ப்ரீஆம்ப் வெளியிலிருந்து வரும் க்ளாக்கைப் பின்பற்றும்படி சுவிட்சை மாற்றுங்கள். எனக்கு இது பிடிக்கும். ப்ரீஆம்ப் அணைந்திருந்தாலும் மற்ற வேலைகள் நடக்கும். எல்லாப் பெட்டிக்கும் பொதுவாகத் தாளம் தரும் வேர்ட் க்ளாக் கருவி ஒன்றைத் தனியாக வாங்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். இரண்டே பெட்டிக்கு அது வீண் செலவு.

110 டெசிபெல் டைனமிக் ரேஞ்ச் உள்ள கன்வெர்ட்டர், 120 உள்ள கன்வெர்ட்டர். விலை வித்தியாசம் பெரிது. காதுக்குத் தெரியுமா?

கன்வெர்ட்டர் என்பது மைக் சிக்னலை டிஜிட்டல் எண்களாக்கும் பகுதி. டைனமிக் ரேஞ்ச் என்பது அதன் உச்ச அளவுக்கும் சொந்த இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி. வீட்டில் மைக் வைத்துப் பதிவு செய்தால், அநேகமாகத் தெரியாது. கணக்குப் போட்டே பார்க்கலாம். இரவில் மின்விசிறியை நிறுத்திய அறையில் 30 டெசிபெல் அளவுக்குச் சத்தம் இருக்கிறது என்று வைப்போம். 120 டெசிபெல் ஒலி வந்தால் மீட்டர் உச்சியைத் தொடும்படி கெயின் (சிக்னலை உயர்த்தும் அளவு) வைத்தால், அறையின் சத்தம் உச்சிக்கு 90 டெசிபெல் கீழே நிற்கும். 110 டெசிபெல் கன்வெர்ட்டரின் சொந்த இரைச்சல் அதற்கும் 20 டெசிபெல் கீழே. உங்கள் அறை கன்வெர்ட்டரை மூடிவிடுகிறது.

ப்ரீஆம்ப் இரைச்சலிலும், வலுவான சிக்னல் தரும் கண்டென்சர் மைக் என்றால் இதே கதைதான். ஒரு பாஸ்கலுக்கு 20 மில்லிவோல்ட் தரும் கண்டென்சரில் அந்த 30 டெசிபெல் அறைச் சத்தம் ஏறத்தாழ -96 டிபியு (மின் சிக்னலின் அளவைச் சொல்லும் டெசிபெல் அலகு). விலை குறைந்த ப்ரீஆம்பின் உள்ளீட்டு இரைச்சல் -128 டிபியு என்றால், 32 டெசிபெல் இடைவெளி.

ஆனால் ஷூர் எஸ்எம்7பி போல மெல்லிய சிக்னல் தரும் டைனமிக் மைக்கில் கணக்கு மாறும். அது தருவது பாஸ்கலுக்கு 1.12 மில்லிவோல்ட்தான். அதே அறைச் சத்தம் -121 டிபியுவுக்கு இறங்கிவிடும், இடைவெளி 7 டெசிபெல் ஆகிவிடும். மெதுவாகப் பேசும் குரலுக்கு 60 டெசிபெல் கெயின் வரை தேவைப்படும். அங்கேதான் ப்ரீஆம்பின் தரம் வெளியே தெரியும். அங்கேகூட எல்லை உண்டு. மைக்கின் மின்தடை 150 ஓம் என்று வைத்தால் அதன் வெப்ப இரைச்சலே -131 டிபியு, எவ்வளவு விலை கொடுத்தாலும் அதற்குக் கீழே போக முடியாது. ஆகவே இப்படிப்பட்ட மைக் வைத்திருப்பவர்கள் அதிகபட்ச கெயின் எவ்வளவு என்ற எண்ணைப் பாருங்கள். மற்றவர்கள் மிச்சமாகும் பணத்தை மைக்குக்கும் அறையின் ஒலி உறிஞ்சும் பலகைகளுக்கும் போடுங்கள்.

இன்னொன்று: 'ஏ-வெயிட்டட்' (காது கேட்கும் விதத்துக்கு ஏற்ப அளந்தது) என்று போட்ட எண், போடாத எண்ணைவிடச் சில டெசிபெல் அழகாகத் தெரியும். இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிடாதீர்கள்.

96 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்யலாமா?

ஏடாட் வழியில் 96-க்குப் போனால் ஒரு கேபிளில் 8 சேனல் 4 ஆகிவிடும். எட்டும் வேண்டுமென்றால் இரண்டு பெட்டியிலும் இரண்டிரண்டு ஆப்டிகல் துளை வேண்டும். ஏடிஏ8200 போன்றவை 48-ஐத் தாண்டவே தாண்டாது. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் போதும்.

யூஎஸ்பி 2 கருவி 18 சேனலைத் தாங்குமா?

தாராளமாக. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு சேனலுக்கு நொடிக்கு 1.15 மெகாபிட்தான். 18 சேனலும் சேர்ந்து 21-ஐத் தொடாது. யூஎஸ்பி 2-இன் பெயரளவு வேகம் 480.

ஃபேன்டம் பவருக்கு எட்டு சேனலுக்கும் சேர்த்து ஒரே சுவிட்ச் இருக்கிறது. டைனமிக், ரிப்பன் மைக்குகள் கெட்டுப்போகுமா?

ஃபேன்டம் என்பது கண்டென்சர் மைக்குக்காக மைக் கேபிள் வழியாகவே போகும் 48 வோல்ட் மின்சாரம். சரியாக வயரிங் செய்த எக்ஸ்எல்ஆர் (வழக்கமான மைக்) கேபிளில் டைனமிக் மைக்குக்கு அதனால் எதுவும் ஆகாது. ரிப்பனுக்கும் கொள்கையளவில் அப்படியே. ஆனால் கேபிளில் ஒரு கம்பி விட்டிருந்தாலோ, ஷார்ட் ஆகியிருந்தாலோ மைக்குக்குள் இருக்கும் மெல்லிய உலோக ரிப்பன் நீண்டு தொய்ந்துவிடும். கால் இஞ்ச் டிஆர்எஸ் (மூன்று முனை பிளக்) பேட்ச்பே, அதாவது கேபிள்களை மாற்றிச் செருகும் பலகை, வழியாக ஃபேன்டம் ஓட்டவே கூடாது, பிளக்கை நுழைக்கும் கணத்திலேயே முனைகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொள்ளும். பழைய ரிப்பன் வைத்திருந்தால் அதை இன்டர்ஃபேஸின் சொந்த உள்ளீட்டில், ஃபேன்டம் இல்லாமல் செருகுங்கள். பொது சுவிட்ச் உள்ள பெட்டி கண்டென்சர்களுக்கு இருக்கட்டும்.

தனி ப்ரீஆம்ப் ஒன்று வாங்கினேன். அதை இன்டர்ஃபேஸின் மைக் உள்ளீட்டில் செருகினால் ஒலி கரகரக்கிறது.

ஏற்கெனவே உயர்த்திய சிக்னலை மறுபடி உயர்த்துகிறீர்கள். டிஆர்எஸ் கேபிளில் லைன் உள்ளீட்டுக்கு (ஏற்கெனவே உயர்த்திய சிக்னலுக்கான துளை) மாற்றுங்கள். விலை குறைந்த கருவிகள் சிலவற்றில் 'லைன்' என்பதும் உள்ளே பேட் போட்டுச் சிக்னலைக் குறைத்து அதே மைக் ப்ரீஆம்புக்குள்தான் அனுப்பும். அதனால் கெயின் குமிழை முழுவதும் இறக்கியே தொடங்குங்கள். வெளி ப்ரீஆம்பில் வெளியீட்டு அளவுக்கு +4, -10 என்று சுவிட்ச் இருந்தால் அதையும் பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் கிட்டத்தட்ட 12 டெசிபெல். உச்சங்கள் மீட்டரில் -10 அருகே நின்றால் போதும்.

பழைய ஃபயர்வயர் எட்டு சேனல் இன்டர்ஃபேஸ் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

கணினியோடு இணைக்க வேண்டாம். புதுக் கணினிகளில் அந்தத் துளையே இல்லை, டிரைவரும் கிடைப்பது அரிது. ஆனால் அதில் ஏடாட் வெளியீடு இருந்து, கணினி இல்லாமல் தனியாக ஓடும் வசதியும் இருந்தால், அதையே எட்டு சேனல் ப்ரீஆம்பாகப் பயன்படுத்தலாம். பணம் கொடுக்கும் முன் மின்சாரத்தை மட்டும் இணைத்து, ஆப்டிகல் வழியாக எட்டு சேனலிலும் ஒலி வருகிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதித்துவிடுங்கள்.